பெட்டிக்கும் எடை உண்டு

அத்தியாயம் 17

காலை ஏழு மணிக்குள் ஆனந்தம்மாள் அந்தப் பெட்டியை மூன்று தடவை சுற்றி வந்துவிட்டாள். அடுக்கியாகிவிட்டது, பூட்டியாகிவிட்டது, பூட்டை நம்பாமல் மேலே சணல் கயிறும் கட்டியாகிவிட்டது. இனி அதில் செய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் கால் அங்கேயே போய் நின்றது.

பழுப்பு நிற ரெக்சின் சூட்கேஸ். மாப்பிள்ளை பவுல்ராஜ் மாசி மாதம் லீவில் வந்தபோது பிரான்சிலிருந்து கொண்டுவந்து, மகள் சூசைமேரியிடம் விட்டுப்போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை என்று பெருமையாகக் கட்டிக்கொடுத்தார்களே தவிர, கல்யாணமான இருபத்தைந்தாம் நாளே அவன் புறப்பட்டுப் போய்விட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கிருந்து காகிதம் போய் அங்கிருந்து காகிதம் வந்து, போன வாரம்தான் மேரிக்கு பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் கைக்கு வந்து சேர்ந்தது. நாளைச் சாயங்காலம் மீனம்பாக்கத்தில் விமானம். இன்று பதினொன்றரை மணி பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கிருந்து மெட்ராஸ்.

அப்பாவும் அம்மாவும் மெட்ராஸ் வரை வருவதாகத்தான் ஏற்பாடு. மேரிதான் வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க வந்து நின்னா எனக்கு ஏரோப்ளேன்ல கால் வைக்க வராது" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான் என்று ஆனந்தம்மாளுக்கும் பட்டது.

மரக்காணம் மாதா கோயில் பங்கில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் பெட்டி அடுக்க ஆனந்தம்மாளுக்குத்தான் ஆள் வரும். கையை உதறிக்கொண்டு போவாள், பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள், அரை மணியில் மூடிவிட்டு எழுந்திருப்பாள். அதன்பிறகு அந்தப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை நுழையாது. கனமான சாமான் கீல் பக்கம் போகவேண்டும். பெட்டியை நிறுத்தும்போது அதுதான் அடியில் வரும். சேலைகளை ஒன்றின் மடிப்பு இந்தப் பக்கம், அடுத்ததன் மடிப்பு அந்தப் பக்கம் என்று மாற்றி வைத்தால் நடுவில் மேடு தட்டாது. டம்ளர் சும்மா போகக்கூடாது, அதற்குள் ஒரு ரவிக்கை போகவேண்டும். "பெட்டிக்குள்ள காத்துக்கு எடம் விட்டா அது பாதிப் பெட்டி" என்பது அவள் கட்சி.

அடுக்குவது அவள் என்றால் நிறுப்பது அவள் புருஷன். செல்வநாதன் உப்பளத்தில் எடைக்காரர். இருபத்தாறு வருஷமாகத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று பழகியவர். மூட்டையை முழங்காலால் ஒரு இடி இடித்து எடை சொல்லுவார். தராசு அதற்கப்புறம் அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளும். விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்கள் என்று தெரிந்ததும், நேற்றுக் காலையில் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் நிறுத்துவிட்டு வந்து, "கரெக்டா இருபது. ஒரு குந்துமணி கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்று அறிவித்தார்.

இப்படி ஒருவர் அடுக்கி, ஒருவர் நிறுத்த பெட்டியில் என்ன குறை இருக்க முடியும்? இருக்க முடியாதுதான். ஆனால் அதன் அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. அது அங்கே இருப்பது ஆனந்தம்மாளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

மேரி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. கொல்லைக் கொடிதான் சொல்லிற்று. மாதாமாதம் அந்தக் கொடியின் ஓரத்தில், பெரிய துணிகளுக்குப் பின்னால் ஒளிந்து காயும் துணிகள் பங்குனியில் காயவில்லை. சித்திரையிலும் காயவில்லை. வைகாசியில் மத்திக் குழம்பு கொதிக்கும்போது மேரி மூக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மாசியில் மாப்பிள்ளை லீவில் வந்து போனதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஆனந்தம்மாள் குழம்பை இறக்கி வைத்தாள்.

பெண் ஏன் மறைக்கிறாள் என்பதும் அவளுக்குப் புரிந்தது. தெரிந்துவிட்டால் புதுச்சேரியில் மாமியார் வீட்டில் விடமாட்டார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஊரே சொல்லும். பெற்றுப் பிழைத்து, பிள்ளைக்கும் காகிதம் எழுதிப்போட்டு, அது வருவதற்குள் இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிடும். மேரிக்குப் புருஷன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அதில் என்ன தப்பு?

ஆகவே அவளும் வாயைத் திறக்கவில்லை. புருஷனுடைய பழைய வேட்டி இரண்டை எடுத்து, சாண் சாணாகச் சதுரம் வெட்டி, ஓரம் அடித்து, நாலு தடவை வெந்நீரில் அலசிப் பஞ்சு மாதிரி ஆக்கினாள். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடமாட்டார்கள்; உடுத்தி உடுத்தி இளகின துணிதான் பச்சை உடம்புக்கு ஆகும். அதைப் பொட்டலமாகக் கட்டிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அங்கே போய்ப் பெட்டியைப் பிரிக்கும்போது மேரி பார்ப்பாள். அம்மாவுக்குத் தெரியும் என்று தெரிந்துகொள்வாள். அந்தக் குளிரில் அது ஒரு தெம்பு.

"ஆனந்தம், என் பழைய வேட்டி ரெண்டு எங்க? ஒரு வாரமாத் தேடறேன்." செல்வநாதன் ஈரத் தலையோடு வந்து நின்றார்.

"எது?"

"நீலக்கரை போட்டது. உப்பளத்துக்குக் கட்டறது."

"அது நைஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"நைஞ்சாத்தான் கட்டறதுக்கு நல்லா இருக்கும். என்னக் கேக்காம..." என்று ஆரம்பித்தவர், அன்றைக்குச் சண்டை போடவேண்டாம் என்று நினைத்தவராக நிறுத்திக்கொண்டார். ஆனந்தம்மாள் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள்.

எட்டு மணி பஸ்ஸில் சவரிமுத்து வந்து இறங்கினார். பவுல்ராஜின் பெரியப்பா. அதே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, மீசையை மட்டும் இன்னும் ஓய்வு பெறவிடாமல் வைத்திருப்பவர். மூன்று வாட்டி ஏரோப்ளேன் ஏறியவர் என்பதால் மேரியைப் பத்திரமாக விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவருடையது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முதலில் செய்த காரியம், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கியதுதான்.

"இன்னா சம்பந்தி, கல்லு ரொப்பிட்டீங்களா?"

"இருபது கிலோங்க. நானே நிறுத்தேன்" என்றார் செல்வநாதன்.

"இது இருபது இல்ல. இருபத்தி நாலுக்குக் கொறையாது."

செல்வநாதனுக்கு முகம் மாறியது. எடை விஷயத்தில் அவரிடம் இப்படி ஒருவர் பேசி வெகுநாளாகிறது. "மொத்தமா இருபத்தி நாலுதாங்க. அடுக்கறதுக்கு முந்தியே வெறும் பெட்டியத் தனியா நிறுத்தேன், நாலு கிலோ இருந்துது. அதக் கழிச்சா இருபது."

"பெட்டிய யாரு கழிக்கச் சொன்னது?"

மேரி தலைவாரிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"சாக்கு எடையக் கழிக்காமயா நிறுப்பாங்க?" என்றார் செல்வநாதன், மெதுவாக.

"அவங்க சாக்கோடதான் நிறுப்பாங்க சம்பந்தி. பெட்டியோட சேத்து இருபது."

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்துப் பழகிய மனுஷன். அந்தக் கை பெட்டியைக் கண்டதும் தானாகக் கழித்துவிட்டது. "சாக்கக் கழிக்காம எடை போடறது இன்னா ஊரு வழக்கம்" என்று முணுமுணுத்தாரே ஒழிய, முகத்தில் ஈயாடவில்லை. ஆனந்தம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அடுத்த நிமிஷமே இரண்டும் போய்ப் பயம் வந்தது. பெட்டியைத் திறக்கவேண்டுமே.

"இதுக்குப் போயி யோசனை பண்ணுவானேன்?" என்று முந்திக்கொண்டாள். "நான் இங்கயே உள்ள வச்சு நாலு சாமான எடுத்துடறேன். அஞ்சு நிமிஷம்."

"கைக்கணக்குல எடுத்தா ஆவாது" என்றார் செல்வநாதன். "ஒரு தடவ தப்பிப்போச்சு. இன்னொரு தடவ மீனம்பாக்கத்துல போயித் தப்பக்கூடாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழிதான உப்பளம்? தராசுலயே வச்சு எடுப்போம்."

அவருக்கு மானப் பிரச்சினை. அவளுக்கு வேறு பிரச்சினை. வேறு வழியில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆனி மாத வெயில் பத்து மணிக்கே உப்பளத்தில் இறங்கி உட்கார்ந்திருந்தது. பாத்தி பாத்தியாக வெள்ளை. கண்ணை இடுக்கிக்கொண்டுதான் வரப்பில் நடக்கவேண்டும். சைக்கிளில் பெட்டி முன்னே போக, குடை பிடித்துக்கொண்டு சவரிமுத்துவும், புதுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேரியும், கடைசியில் ஆனந்தம்மாளும் போனார்கள். உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை. அதன் நடுவே மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்ட பெரிய தராசு.

லாரி இன்னும் வரவில்லை. உப்பு வாரும் பெண்கள் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் தனகோடி எழுந்து வந்தாள்.

"என்னாக்கா, மேரி கெளம்பிடுச்சா? பெட்டிய நேத்தே நிறுத்தாச்சே. மறுபடியும் எதுக்கு?"

"நேத்துப் போட்ட எடை பத்தலியாம்" என்றாள் ஆனந்தம்மாள். புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

செல்வநாதன் கயிற்றை அவிழ்த்தார். காலிச் சாக்கை விரித்துப் பெட்டியை அதன்மேல் வைத்துத் திறந்ததும் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சவரிமுத்துகூட மீசையைத் தடவினார். "நல்லாத்தான் அடுக்கியிருக்கீங்க சம்பந்தியம்மா. ஆனா பட்டாளத்துல துணிய மடிக்க மாட்டோம், சுருட்டுவோம். எடம் மிச்சம்."

"சுருட்டினா பட்டு கசங்கும்" என்றாள் ஆனந்தம்மாள்.

"பட்டாளத்துல பட்டு கெடையாதே" என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு கைவிரலை மடக்கிச் சட்டம் சொன்னார்: "கேட்டுக்குங்க. கையில கொண்டுபோற சிலதுக்கு எடை இல்ல. தோள்ல போடற கோட்டு, குடை, படிக்கறதுக்குப் புஸ்தகம், பொம்பளைங்க கைப்பை. கைக்குழந்தை இருந்தா அதுக்கு வேண்டிய துணிமணி, பால் புட்டி. இதெல்லாம் தராசுக்குப் போவாது. அதுக்காகக் கைப்பைய மூட்டையா ரொப்பினா, அதையும் தூக்கித் தராசுல வச்சிடுவான்."

கைக்குழந்தை என்ற சொல் காதில் விழுந்ததும் ஆனந்தம்மாள் மேரியைப் பார்த்தாள். மேரி கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இட்லிக் குண்டான் வெளியே வந்தது. பாத்திரத்தைக் காலியாக வைத்து வழக்கமில்லையே, அதற்குள் மிளகாய்த்தூள் டப்பாவும், டப்பாவைச் சுற்றிலும் கூழ் வடகமும் திணித்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்தவள் திகைத்தாள். வடகத்தைக் காணோம். டப்பாவைச் சுற்றி ஒரு மஞ்சள் பை நிறைய உப்பு.

"என் வடகம் எங்க?"

செல்வநாதன் தராசுச் சங்கிலியைச் சரி பார்க்க ஆரம்பித்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். வடகம் எங்க போச்சு?"

"அரிசிப் பானையில வச்சிருக்கேன்."

"இது எப்ப ஏறிச்சு?"

"நேத்து நிறுக்கறதுக்கு முந்தி. வடகம் கால் கிலோ தேறாது. எடம் வீணாத்தான இருக்குதுன்னு..."

"ரெண்டு கிலோ உப்பு" என்றார் சவரிமுத்து, பையைத் தூக்கிப் பார்த்து. "ஏன் சம்பந்தி, பிரான்சு தேசத்துல உப்பு இல்லன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

"இருக்கும். அது இவளுக்கு ஒத்துக்கணுமே" என்றார் செல்வநாதன். சொல்லிவிட்டு மகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். தனகோடி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். மேரியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உப்பு இரண்டு கிலோ வெளியே. குண்டானும் தட்டுகளும் ஒன்றேகால் கிலோ வெளியே; மிளகாய்த்தூள் டப்பா மட்டும் திரும்ப உள்ளே. இட்லிக் குண்டான் இல்லாமல் பெண் அங்கே எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று ஆனந்தம்மாள் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் அதைவிட அடியில் இருக்கும் பொட்டலம் பெரிது. அதற்கு வழி விட்டால் போதும்.

பெட்டி தராசில் ஏறியது. எதிர்த் தட்டில் இருபது கிலோ கல்லை வைத்தார்கள். பெட்டிப் பக்கம் தாழ்ந்தே நின்றது.

"இன்னும் முக்காக் கிலோ" என்றார் செல்வநாதன்.

"மிளகாய்த்தூள எடுத்துடலாம்" என்றாள் ஆனந்தம்மாள்.

"ஐயோ, அதில்லாம நான் எப்படிச் சாப்புடறது?" என்றாள் மேரி.

"அப்ப அந்த ஆரஞ்சுச் சேலை."

"அது மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது" என்றார் சவரிமுத்து. மிச்சம் இருந்தது சேலையில் சுற்றிய மாதா சுரூபம்; அந்தச் சிலையில் யாரும் கை வைக்கப் போவதில்லை. அவர் குனிந்து பெட்டியின் ஓரத்தில் விரலை விட்டு அடிவரை துழாவினார். துழாவி, அந்தப் பொட்டலத்தைப் பிடித்து வெளியே இழுத்தார். "இது இன்னாங்க, பழந்துணி மாதிரி இருக்குது? கரெக்டா முக்காக் கிலோ இருக்கும். இத எடுத்தா முடிஞ்சுதே."

"அது... அது இருக்கட்டும் சம்பந்தி. சாமான் ஒடையாம மெத்துக்கு வச்சது."

"ஒடையற சாமான் சுரூபம் ஒண்ணுதான். அதத்தான் சேலையில சுத்தியிருக்கீங்களே. கந்தலக் கட்டிக்கிட்டுப் பிரான்சு போச்சு நம்ம வீட்டு மருமகள்னு பேராயிடும்."

ஆனந்தம்மாள் பொட்டலத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் பொட்டலம் நிற்கும். பெண்ணின் பயணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் பெண் போவாள்; பொட்டலம் இங்கே கிடக்கும். அவ்வளவுதான், பழந்துணிதானே என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை. நாலு தடவை அலசிய துணி. பேரனோ பேத்தியோ, அந்த உடம்பை இவள் தொட முடியாது. இந்தத் துணியாவது தொடட்டும் என்றுதானே வைத்தாள்.

இழுத்த வேகத்தில் பொட்டலத்தின் முடிச்சு இளகி ஒரு மூலை பிரிந்திருந்தது. மேரி அதைப் பார்த்தாள். சாண் அகலச் சதுரம், ஓரம் அடித்தது. பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெல்லத் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஆனந்தம்மாள் கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

"குடுங்க" என்று கையை நீட்டினார் செல்வநாதன்.

பொட்டலத்தை வாங்கினார். பிரிந்த மூலையில் நீலக்கரை. ஒரு வாரமாகத் தேடிய கரை. அவர் கண் அதில் நின்றது. பிறகு வழக்கம்போல உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். ஒரு தடவை தூக்கினாலே எடை சொல்லுகிறவர், அன்றைக்கு மூன்று நாலு தடவை தூக்கினார்.

"முக்காக் கிலோ சரியாத்தான் இருக்குது. இது பெட்டியில வேணாம்" என்றார்.

அவர் திரும்பி மகளின் கைப்பையை வாங்கினார். அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கம்பளி ஸ்வெட்டரை எடுத்து மேரியின் தோளில் போட்டார். அந்த இடத்தில் பொட்டலத்தை வைத்து, கையால் அழுத்திப் பையை மூடினார்.

"தோள்ல போடற கோட்டுக்கு எடை இல்லன்னீங்களே சம்பந்தி. ஸ்வெட்டரும் அப்படித்தான?"

"அது சரி. ஆனா அந்தக் கந்தல் எதுக்கு?"

"பொண்ணுக்கு பஸ்ஸுல வாந்தி வரும். தொடைக்க ஆவும்."

சவரிமுத்து யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பட்டாளத்துக்காரர் ஆனாலும் வாந்தி விஷயத்தில் அவருக்கு வாதம் இல்லை. புருஷன் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று ஆனந்தம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது; அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

குண்டானும் பொட்டலமும் போன இடத்தில் பெட்டிக்குள் ஓட்டை விழுந்திருந்தது. அப்படியே மூடினால் சுரூபம் உருண்டு விரல் உடையும். ஆனந்தம்மாள் சாக்கின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுரூபத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, மிளகாய்த்தூளைக் கீல் பக்கம் தள்ளி, மிஞ்சின சந்துகளில் ரவிக்கைகளைச் சுருட்டிச் சுருட்டிச் செருகினாள். பட்டாளத்து முறை. சவரிமுத்து பார்த்தார். ஆனந்தம்மாள் அவர் பார்ப்பதைப் பார்க்காத மாதிரி பெட்டியை மூடினாள்.

இந்தத் தடவை முள் நடுவில் நின்றது.

"இருபது" என்றார் செல்வநாதன். ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, "பெட்டியோட சேத்து" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது பஸ் வர இன்னும் கால் மணி இருந்தது. ஆண்கள் இருவரும் பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றுவதா உள்ளே வைப்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மேரி அம்மாவைப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"வைகாசியில."

"ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ சொல்லுவ. சொல்லிட்டா அப்பறம் நான் உன்ன விட மாட்டேன். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்லடி."

மேரி குலுங்கி அழுதாள். அழுகிற பெண்ணை அணைத்துக்கொண்டால் தானும் அழுதுவிடுவோம் என்று ஆனந்தம்மாள் அவள் தலைப்பூவைச் சரி செய்தாள். முடியவில்லை. அணைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்குதும்மா. அங்க யாரும் இல்ல."

"மாப்பிள்ளை இருக்காரு. வெந்நீர் வச்சுக் குளி. கனமா எதையும் தூக்காத, இந்தப் பெட்டியக்கூட. மாதம் தவறாம லெட்டர் போடு. என்னா ஆவணும்னு நான் எழுதறேன்."

"லெட்டர் வர பத்து நாளாவுமே. வலி வந்தா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. சவரிமுத்து ஜன்னலோரமாக மேரிக்கு இடம் பிடித்தார். செல்வநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "பையக் கீழ வைக்காத. மடியிலயே வச்சுக்க" என்று மட்டும் சொன்னார். பஸ் பிரம்மதேசம் சாலையில் திரும்பி மறையும்வரை ஜன்னலில் ஒரு கை தெரிந்தது.

இருவரும் உப்பளத்துக்குத் திரும்பி நடந்தார்கள். ஆனந்தம்மாள் கையில் இட்லிக் குண்டான். அவர் தள்ளிய சைக்கிளில் உப்புப் பை. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். அவர் முன்னே போனார்.

"ஆனந்தம்."

"ம்."

"கைக்குழந்தைத் துணிக்கு எடை கெடையாதுன்னு சம்பந்தி சொன்னாரே, கேட்டியா?"

ஆனந்தம்மாள் நின்றுவிட்டாள். அவர் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை.

"கேட்டேன்" என்றாள்.

"எப்ப?"

"கிறிஸ்துமஸ் வாக்குல இருக்கும்."

அவர் இன்னும் பத்து அடி நடந்தார். "மேரி பொறந்தப்ப கொடி பூரா அப்படித்தான் கட்டிவச்சிருந்த. சதுரம் சதுரமா. கொல்லைக்குப் போனா மூஞ்சில வந்து ஒட்டும்." ஒரு மடையைத் தாண்டினார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் செல்வநாதன், உண்மையாகவே.

கொட்டகையில் தராசு சும்மா தொங்கியது. இருபது கிலோ கல் இறக்கப்படாமல் அதே தட்டில் கிடந்தது. அவர் உப்புப் பையைப் பிரித்துக் குவியலிலேயே கொட்டினார். கையைத் தட்டிக்கொண்டு, எதிர்த் தட்டைச் சங்கிலியோடு பிடித்து நிறுத்தினார்.

"ஏறி உக்காரு."

"எங்க?"

"தட்டுல."

"என்னாங்க இது, வெயில்ல மூளை கலங்கிப்போச்சா? எல்லாரும் பாக்கறாங்க."

"பொண்ணு தாய் வீட்டுக்கு வர முடியலன்னா, தாய்தான போவணும்? அவங்க ஆளையும் எடை போடுவாங்களோ, என்னவோ. எதுக்கும் தெரிஞ்சு வச்சுக்குவோம்."

ஆனந்தம்மாள் அவரையே பார்த்தாள். புதுச்சேரியைத் தாண்டி எந்த ஊரும் அறியாதவள் அவள். பாஸ்போர்ட்டு என்பதை மகள் கையில்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். யார் கூப்பிடுவார்கள், யார் அனுப்புவார்கள், மாப்பிள்ளை என்ன சொல்லுவார், ஒன்றும் தெரியாது. இந்த மனுஷருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சங்கிலியைப் பிடித்த கை ஆடாமல் நின்றது.

"உக்காருக்கா. நாங்க பாக்கல" என்றாள் தனகோடி, நன்றாகப் பார்த்துக்கொண்டே.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆனந்தம்மாள் தராசுத் தட்டில் உட்கார்ந்தாள். தட்டு ஆடியதும் பயந்து ஒரு கையால் சங்கிலியைப் பற்றினாள். மடியில் இட்லிக் குண்டான் இருந்தது. செல்வநாதன் எதிர்த் தட்டில் ஒவ்வொரு கல்லாக ஏற்றினார்.

"குண்டான் ஒன்னேகால் கிலோ" என்றாள் அவள். "அதக் கழிச்சுக்குங்க."

"கழிக்க வேணாம்" என்றார் செல்வநாதன். "அதுவும் வரட்டும்."